ஆப்பிரிக்க எரிமலையும் பெரகல டிக்கட் கடையும்

டிக்கட் விற்கும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: பிளேன் நேரத்துக்குப் பறந்தால் அது பைலட்டின் கெட்டிக்காரத்தனம், பறக்காவிட்டால் அது டிக்கட் விற்றவளின் குற்றம். ஏதோ ஒரு சின்ன ஊரில், ஒரு மேசை, ஒரு கம்பியூட்டர், சுவரில் ஒரு பிளேன் படம் என்று கடை போட்டு உட்கார்ந்து, ஊரார் வாயில் விழுந்து எழும்பும் சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாருக்கும் இந்த வலி புரியாது.

என் கடை இலங்கை மலைநாட்டில், பெரகல சந்தியில், பேக்கரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொழும்பில் உள்ள ஓர் ஏஜென்சிக்காக இங்கே நான் டிக்கட் போட்டுக் கொடுக்கிறேன். ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும், அங்கிருந்து லீவில் வருகிறவர்களும்தான் என் வாடிக்கையாளர்கள். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் நான் "மிஸ்". போன கார்த்திகையில் ஒரு வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அதில் எனக்குப் புரிந்தது பாதி, புரியாதது பாதி. மீதி உங்களுக்குப் புரிந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

எந்த மலைங்க?

மாரிமுத்து அண்ணன் ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறார். அவருடைய மனைவி லெச்சுமிக்கு அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலை. ஒரே மகள் யோகாவுக்கு வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். அந்த வீட்டு மெடம் லேசில் லீவு கொடுக்கிற ஆள் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வாரம் வாங்கி, செவ்வாய்க்கிழமை பிளேன் ஏறுவதாக ஏற்பாடு. டிக்கட் போட்டது நான்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பியூட்டரைத் திறந்தால், அந்தப் பிளைட் ரத்து. காரணம், எரிமலைச் சாம்பல். மழைக்காக என்றால் நம்பலாம், வேலைநிறுத்தம் என்றாலும் நம்பலாம். எரிமலை என்றதும் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆப்பிரிக்காவில் ஒரு மலை வெடித்து, அதன் சாம்பலைக் காற்று அரபிக் கடல் பக்கம் அள்ளிக்கொண்டு வருகிறதாம். லெச்சுமி வரவேண்டிய வழியும் அதுதான்.

மாரிமுத்து அண்ணன் குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். நான் சொன்னதைக் கேட்டார். பிறகு வாசலுக்குப் போய், பனிக்குள் மறைந்திருந்த நம்ம ஊர் மலையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டார்: "அந்த மலைக்கும் நம்ம லெச்சுமிக்கும் என்னாங்க மிஸ் சம்பந்தம்?"

கொழும்பிலிருந்து வந்த விளக்கம்

கொழும்பு ஆபீஸில் பஸ்மியா என்றொரு பெண் இருக்கிறாள். எனக்குத் தெரியாததை அவளிடம் கேட்பேன், அவளுக்குத் தெரியாததை அவள் விமானக் கம்பெனியிடம் கேட்பாள். அன்றைக்கு அவள் சொன்னதை நான் ஒரு காதில் போனையும் மறு காதில் மாரிமுத்து அண்ணனின் பெருமூச்சையும் வைத்துக்கொண்டு கேட்டேன். எரிமலைகளைச் சுற்றிக் கருவி வைத்து, பூமி அதிர்கிறதா, என்ன வாயு வருகிறது, மலை வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற ஆட்கள் இருக்கிறார்களாம். பூமியைச் சுற்றுகிற செய்மதியும் மேலேயிருந்து பார்க்கிறதாம். மலையின் நிலைமைக்கு ஒரு நிறம் சொல்வார்களாம். பச்சை என்றால் சாது, மஞ்சள் என்றால் கொஞ்சம் கோபம், ஆரஞ்சு என்றால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம், சிவப்பு என்றால் வெடித்துச் சாம்பல் கக்குகிறது.

அதோடு முடியவில்லை. கக்கிய சாம்பல் எந்த உயரத்தில், எந்தப் பக்கம் போகும் என்று காற்றைக் கணக்குப் போட்டு, இன்னோர் ஆபீஸ் படம் வரைந்து அனுப்புமாம். அதைப் பார்த்துத்தான் பிளேனை விடுவதா நிறுத்துவதா என்று முடிவு. பஸ்மியா அந்தப் படத்தை எனக்கு அனுப்பினாள். கடல் மேல் யாரோ கோணல்மாணலாக ஒரு வேலி அடைத்த மாதிரி இருந்தது. நான் அதைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, லெச்சுமி எப்போது வருவாள் என்று இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "அல்லாவே, எனக்கு மட்டும் தெரியுமா? நானும் ஒங்களப் போலத்தான் படம் பாத்துக்கிட்டு ஈக்கிறன்."

பனியா, சாம்பலா?

லெச்சுமியை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர ஏற்பாடாகியிருந்தது சாமுவேல் அண்ணனின் வேன். பெரகல வளைவுகளில் பனி இறங்கினால் பெரிய பெரிய லொறியெல்லாம் ஓரங்கட்டும். சாமுவேல் அண்ணன் மட்டும் பாட்டைக் குறைத்து, லைட்டைப் போட்டு, ஹோர்ன் அடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவார். அந்தக் கர்வம் அவருக்கு எப்போதும் உண்டு.

அவரிடமும் நான் வகுப்பு எடுக்கவேண்டி வந்தது. இது பனி இல்லை அண்ணே, கல்லும் கண்ணாடியும் மாவாய்ப் போனது. எஞ்சினுக்குள் போனால் அந்தச் சூட்டில் உருகி, அடிப்பிடித்த சீனிப்பாகு மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றே போகலாம். பைலட்டின் முன்கண்ணாடியையும் தேய்த்துவிடும். மழை மேகத்தைக் காட்டுகிற ராடார் இதைக் காட்டாது, பைலட்டுக்கு அது சாம்பல் என்றே தெரியாது. அதனால்தான் தரையில் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்கிறார்கள். இத்தனையும் நான் பஸ்மியாவிடம் கடன் வாங்கிய அறிவுதான். என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சாமுவேல் அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "எல்லாஞ் சரி மிஸ், ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டு மெதுவா வரச் சொல்லக்கூடாதா?"

நீல வானம்

புதன்கிழமை லெச்சுமியே வீடியோ கோலில் வந்தாள். அங்கே விமான நிலையத்தில் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெடம் வீட்டுக்குத் திரும்பிப் போக அவளுக்குப் பயம். போனால் மறுபடி விடமாட்டார்களோ என்று. பெட்டிக்குள் மகளுக்கு வாங்கிய சேலை இருக்கிறது என்று திறந்து காட்டப் போனாள். வேண்டாம், ஆட்கள் பார்க்கிறார்கள் என்று தடுத்தேன்.

அவள் போனைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். மேகத்தின் பொட்டுக்கூட இல்லாத நீல வானம். எங்கள் பெரகலயில் அப்படியொரு வானத்தைக் கார்த்திகையில் பார்க்கவே முடியாது. சாம்பல் அங்கே இல்லை லெச்சுமி, வருகிற வழியில் ரொம்ப உயரத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்றேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அதைப் பார்க்காத நான், அதற்குப் பக்கத்தில் இருக்கிறவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது: "ஏங் கண்ணு பொய் சொல்லுதா, ஒங்க படம் பொய் சொல்லுதா, அத மட்டும் சொல்லுங்க மிஸ்."

நோட்டீஸ் ஒட்டிய கதை

ஒவ்வொருவராக வந்து கேட்க, வாய் வலித்துவிட்டது. ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்: "சிவப்பு எச்சரிக்கை. பயணம் செய்ய இருப்பவர்கள் மறு அறிவித்தல் வரும்வரை வீட்டிலேயே இருக்கவும்." சுருக்கமாக, தெளிவாக எழுதியதாக எனக்கு ஒரு நினைப்பு. பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.

வெளியே சத்தம் கேட்டு வந்து பார்த்தால் பஸ் தரிப்பில் நின்ற கூட்டம் முழுக்க என் கண்ணாடிக்கு முன்னால். இதில் நான் மறந்தே போன விஷயம், எங்கள் பக்கத்தில் சிவப்பு என்றால் வேறு. மழை கூடினால் மண்சரிவுக்கும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை வரும். மஞ்சள் என்றால் கவனம். செம்மஞ்சள் என்றால் மூட்டை கட்டு. சிவப்பு என்றால் குடியிருக்கும் லயத்தை விட்டு உடனே வெளியேறு. இது எங்கள் பிள்ளைகளுக்கும் பாடம். நானோ சிவப்பு, வீட்டிலேயே இரு என்று எழுதி வைத்திருக்கிறேன். கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "செவப்புன்னா ஓடுன்னு கெராம சேவகர் சொல்றாரு, நீங்க வீட்லயே இருன்னு எழுதுறீங்க. எங்கள உசுரோட பொதைக்கவா பாக்குறீங்க?"

அடங்கிய மலை, அடங்காத சாம்பல்

வியாழக்கிழமை காலை பஸ்மியா அனுப்பிய செய்தியில் அந்த ஆப்பிரிக்க மலை சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு இறங்கியிருந்தது. நான் துள்ளிக் குதித்து மாரிமுத்து அண்ணனுக்குப் போன் போட்டேன். போட்டு முடித்த பிறகு பார்த்தால், பிளைட் இன்னும் ரத்துதான். மலை அடங்கினாலும் ஏற்கெனவே மேலே போன சாம்பல் காற்றோடு அலைந்துகொண்டுதான் இருக்குமாம். அப்படியானால் நிறம் எதற்கு என்று நான் கேட்டேன். நிறம் மலைக்கு, படம் சாம்பலுக்கு என்றாள் பஸ்மியா. அதை அவள் சொன்னபோது புரிந்தது, போனை வைத்ததும் புரியாமல் போய்விட்டது.

அதற்குள் மாரிமுத்து அண்ணன் கோயிலில் கற்பூரம் கொளுத்திவிட்டு நேராகக் கடைக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. இன்னும் இல்லை அண்ணே என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றது. மடித்த வாழையிலைத் துண்டை என் மேசையில் வைத்தார். உள்ளே திருநீறு. என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வேதக்காரங்க, ஒங்களுக்கு வேணாம். அந்தக் கம்பியூட்டருக்குக் கொஞ்சம் பூசி விடுங்க, இந்தச் சாம்பலாவது வழி விடுதான்னு பாப்போம்."

நிப்பாட்டவா, வேணாமா?

அன்று மத்தியானம் தகப்பனும் மகளுமாக வந்தார்கள். யோகா கையில் மருதாணி போட இருந்த நாள் அது. நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொள்வதா, தள்ளிப்போடுவதா என்று என்னிடம் கேட்கத்தான் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முகூர்த்தம் இருக்கிறது. அதை விட்டால் மார்கழி வந்துவிடும், பிறகு தை மாதம்தான். தை வரைக்கும் லெச்சுமிக்கு லீவு இல்லை. ஞாயிறுக்குத் தள்ளி, அதற்குள்ளும் அவள் வராவிட்டால்? தள்ளாமல் நடத்தி, சனிக்கிழமை அவள் வந்து நின்றால்? நான் அந்தக் கோணல் வேலிப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு முழித்தேன். சாம்பல் போகும் திசைதான் அதில் இருந்தது.

கடைசியில் அங்கேயே வைத்து மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் நமுனுகுல பக்கம். யோகா தானே போனை வாங்கி, இரண்டு நாள் பொறுங்க மாமா, அம்மா வந்துருவாங்க என்று கேட்டாள். கெட்ட மனிதர் இல்லை அவர். பஸ் பேசியாச்சு, சமையல்காரருக்குச் சொல்லியாச்சு, சனத்துக்கெல்லாம் பாக்கு வைத்தாச்சு என்று அவருக்கும் ஆயிரம் தொல்லை. ஸ்பீக்கரில் அவர் குரல் என் கடை முழுக்கக் கேட்டது: "வெடிச்ச மலை எப்ப ஓயும்னு யாரும்மா கண்டா? அம்மாவ போன்ல பாக்கச் சொல்லு, நாம நாளைக்கே முடிச்சிருவோம்."

நம்ம மலைக்கு வந்த சிவப்பு

அவர்கள் போனதும் மழை பிடித்தது. எங்களுக்கு மழை புதிதல்ல, ஆனால் அன்றைக்குப் பெய்தது வேறு மாதிரி. ரோட்டில் சேற்றுத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பின்னேரம் மாரிமுத்து அண்ணனின் தோட்டத்துக்குச் சிவப்பு வந்தது, இந்தமுறை உண்மையான சிவப்பு. கிராம சேவகர் ஒலிபெருக்கியோடு வந்து, லயத்துச் சனம் முழுவதையும் தோட்டத்துப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டார். பந்தல் போட்டிருந்த கோயில் பாதையையும் மூடிவிட்டார்கள். அந்தப் பாதைக்கு மேலேதான் வெடிப்பு விட்ட மலை.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு விஷயம் போனது. மண்சரிவு என்றதும் மனிதர் மறுபேச்சுப் பேசவில்லை. பஸ்ஸையும் நிறுத்தி, சமையல்காரருக்கும் சொல்லி, ஐயரிடமும் கேட்டு, கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார். உயிர் முக்கியம் என்றாராம். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இருந்தாலும் யோகா எனக்குப் போனில் சொன்னது இது: "அம்மாவுக்காக ரெண்டு நாள் கேட்டேன், ஆகாதுன்னாங்க. மலைக்காக ஒரே நிமிசத்துல குடுத்துட்டாங்க மிஸ்."

சுற்றிக்கொண்டு வந்த பிளேன்

வெள்ளிக்கிழமை, கல்யாணம் நடக்கவேண்டிய நாளில், புதுப் படம் வந்தது. வேலி கொஞ்சம் வடக்கே நகர்ந்திருந்தது. சாம்பலுக்குத் தெற்கே சுற்றிக்கொண்டு ஒரு பிளேனைச் சனிக்கிழமை விடுகிறார்கள் என்று பஸ்மியா சொன்னாள். ஏற்கெனவே காத்திருக்கும் கூட்டத்தில் லெச்சுமிக்கு இடம் பிடிக்க அவள் விமானக் கம்பெனியோடு சண்டையே போட்டிருக்கிறாள். இடம் கிடைத்தது என்று சொன்னபோது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் என் மேசையில் தலையைக் கவிழ்த்துக் கொஞ்சம் அழுதேன். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை, நீங்களும் அழுதிருப்பீர்கள்.

பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. லெச்சுமி ஏறாத அந்தச் செவ்வாய்க்கிழமைப் பிளேன், விட்டிருந்தால் உண்மையிலேயே சாம்பலில் மாட்டியிருக்குமா? அல்லது தப்பி வந்திருக்குமா? வீணாகத்தான் நிறுத்தினார்களா? பஸ்மியாவிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: "போகாத பிளேனுக்கு என்ன நடந்திருக்கும்னு யாருக்கும்மா தெரியும்? மாட்டி இருந்தா மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும்."

பனிக்குள் வேன்

ஞாயிற்றுக்கிழமை காலை சாமுவேல் அண்ணனின் வேன் பெரகலவுக்கு வந்தபோது, நான் கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு சந்தியில் நின்றேன். லெச்சுமி முன் சீட்டில், மடியில் அந்தச் சேலைப் பொதி. தூங்காத கண். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். பத்தரைக்குள் முகூர்த்தம். ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் பனி வந்து மூடியது. முன்னால் போகிற பஸ்ஸின் வாலைக்கூடக் காணவில்லை.

பனியில் எப்போதும் நிற்காத சாமுவேல் அண்ணன், அன்றைக்குப் பார்த்து வேனை ஓரங்கட்டிவிட்டார். ஒரு வளைவில் மண் இறங்கியிருக்கிறதாம், பொலிஸ்காரர் கைகாட்டும்வரை போகக்கூடாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆமை மாதிரி ஊர்ந்தாவது போங்கண்ணே, இத்தனை வருஷம் ஓட்டின ரோடுதானே, ஹெட்லைட்டைப் போடுங்க என்று கத்தினேன். லெச்சுமி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமுவேல் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்: "கண்ணு தெரியாத எடத்துல போகக்கூடாதுன்னு எனக்கு வகுப்பு எடுத்தது நீங்கதானே மிஸ்?"

வகுப்பறையில் மணவறை

பொலிஸ்காரர் கைகாட்டினார். கோயில் பாதை இன்னும் திறக்காததால், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாடசாலையின் பெரிய வகுப்பறையில் மேசைகளை ஓரமாகத் தள்ளி, வாசலில் இரண்டு வாழைமரம் கட்டி, மணவறை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் லயத்துச் சனத்தின் பாய், பானை, துணிமூட்டை. மறுபக்கம் நமுனுகுலயிலிருந்து வந்த சம்பந்திகள். யோகா மாலையோடு உட்கார்ந்திருந்தவள், வாசலில் அம்மாவைக் கண்டதும் ஐயர் கூப்பிடக் கூப்பிட எழுந்து ஓடிவந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா தோளில் கிடந்த சால்வையால் கண்ணைத் துடைத்தார். தாய் கொண்டுவந்த சேலையை உடுத்த நேரமில்லை. மகளின் தோளில் அதைப் போர்த்திவிட்டாள் லெச்சுமி. தாலி ஏறியது.

சாப்பாட்டுப் பந்தியில் மாரிமுத்து அண்ணன் எல்லோருக்கும் சோறு வைத்துக்கொண்டே புலம்பினார். இம்புட்டு மழைக்கும் நம்ம மலை விழல, அந்தச் சாம்பலையும் ஒருத்தரும் கண்ணால பாக்கல, ரெண்டுமா சேந்து என்னைய இந்த அலை அலைய வெச்சிருச்சே என்று. எல்லோரும் சிரித்தார்கள். லெச்சுமி சிரிக்கவில்லை. சன்னல் வழியே, பனி விலகி நின்ற மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அவர்களுடைய லயம் முழுசாக நின்றது. பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "அந்த மலை என்னையப் புடிச்சு வெச்சுக்கிட்டிச்சு, இந்த மலை எனக்காகக் கல்யாணத்தப் புடிச்சு வெச்சுக்கிட்டிச்சு. எதத் திட்டுறது, எதக் கும்புடுறதுன்னுதான் ஒன்னும் புரியல."

எனக்கும் புரியவில்லை, அதனால் இப்போதெல்லாம் யாராவது கல்யாணத்துக்கு ஊர் வர டிக்கட் கேட்டால், பிளேன் எத்தனை மணிக்கு என்று பார்ப்பதற்கு முன்னால் உலகத்தில் எந்தெந்த மலை என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கம்பியூட்டருக்குக் கொஞ்சம் திருநீறும் பூசிவிட்டுத்தான் விலை சொல்கிறேன்.